சர்டிபிகேட் வாங்கப் போன சனிக்கிழமை

– இந்தப் பெல்ட்டக் கொஞ்சம் கழட்டி விடுடி ஷர்லி. கழுத்த அறுக்குது.

– போலீஸ் புடிப்பாங்கக்கா. கீரனூர்ல நிப்பாங்க.

– நிக்கட்டும். எந்தங்கச்சி காலேஜு டீச்சருன்னு சொல்லிக்கிறேன்.

– அப்புடியே சல்யூட் அடிச்சு விட்டுருவாங்களாக்கும்...

– சரி, இந்தச் சீல நல்லாருக்கா? மூணு எடுத்து வச்சுப் பாத்தேன். பச்சையக் கட்டலாம்னு... அப்பறம் இதுவே இருக்கட்டும்னு.

– நல்லாருக்குக்கா.

– பாக்காமயே சொல்லுற.

– நான் ரோட்டப் பாக்க வேணாமா?

– ம்... எனக்கு சர்டிபிகேட்டு குடுக்கயில போட்டா எடுப்பாகள்ல?

– எடுப்பாங்க.

– ஆமா, சனிக்கிழம காலேஜு இருக்கா?

– விசேசத்துக்குத் தொறப்பாங்க. நீ ஏன் இத்தன கேள்வி கேக்குற?

– ரெண்டு வாரமா அந்த வெளிநாட்டுப் புள்ளைக என்னையக் கேள்வியாக் கேட்டுச்சுகள்ல... அந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சு.

– ஒங்கிட்ட மைக்க நீட்டுனா என்ன சொல்லுவ? ஒருதடவ சொல்லிப் பாரு.

– இப்பயா? சிரிக்கக் கூடாது.

– சிரிக்கல.

– எம்பேரு அடைக்கலமேரி. வயசு அம்பத்தொன்னு. முப்பது வருசத்துக்கு மேல எங்கூரு குவாரியில ஜல்லி ஒடச்சேன்... சிரிக்கிற பாத்தியா.

– இல்லக்கா, சொல்லு.

– குவாரிய மூடி எட்டு வருசமாச்சு. இப்ப அந்தப் பள்ளத்த வச்சு மூணு நாட்டுக் காலேஜு ஒன்னாச் சேந்து பாடம் நடத்துச்சு. நம்ம திருச்சி, அந்தக் குளிரு நாடு... என்னது அது?

– சுவீடன்.

– அது ஒன்னு. அப்பறம் எங்க வீட்டுல தங்குன அந்தப் புள்ள முலெங்காவோட ஊரு, ஜாம்பியா. அந்தப் பாடத்துக்குப் பேரு... நீடிச்ச... நெலச்ச... ஏ, அது வாய்க்குள்ளயே நொழைய மாட்டேங்குதுடி.

– நிலையான சுரங்கத் தொழில் கல்வி.

– அதுக்கு நான் என் வாயால சொல்லிக்கிறேன். கல்லு எடுக்கணும், எடுக்காம ஊட்டக் கட்ட முடியாது. ஆனா எடுத்து முடிச்ச பெறகு ஊருல தண்ணி இருக்கணும், எடுத்த ஆளும் இருக்கணும். போதுமா?

– எடுத்த ஆளும்...

– என்னடி, தப்பா?

– இல்லக்கா. சரியாத்தான் சொன்ன.

– பெறகு ஏன் மூஞ்சி அப்புடிப் போவுது?

– வெயிலு கண்ணுல அடிக்குது.

– அந்தா பாரு... நம்ம பள்ளம். மெதுவாப் போ. மெதுவாப் போடி.

– நிப்பாட்டவா?

– வேணாம், வேணாம். பாத்துக்கிட்டே போவோம். அந்த வேப்பமரம் இன்னும் நிக்குது பாத்தியா? அதுலதான் ஒனக்குத் தூளி. ஆத்தா சம்மட்டியால கல்லப் பொளக்கும், நான் தூளிய ஒரு இழு இழுத்துட்டு வந்து சுத்தியால ஜல்லி ஒடப்பேன். பன்னெண்டு ஒடைக்கு ஒரு இழுப்பு. அதுல ஒன்னு கொறஞ்சாக்கூட நீ கத்துவ.

– எனக்கு எப்புடித் தெரியும் பன்னெண்டுன்னு?

– யாரு கண்டா. பொறக்கயிலயே கணக்கோட பொறந்தவ.

– கணக்கு நீதானக்கா சொல்லிக் குடுத்த. வெடி வைக்கயில.

– ஆத்தி! அத மறந்தே போனேன்.

– விசிலு ஊதுனதும் என்னையத் தூக்கிட்டு ஓடி, லாரிக்கு அடியில படுக்க வச்சு, காதப் பொத்தி, நூறு வரைக்கும் எண்ணுன்னு சொல்லுவ. நான் பள்ளிக்கூடம் சேந்தப்ப டீச்சரு ஒன்னு ரெண்டு தெரியுமான்னு கேட்டாங்க. நூறு வரைக்கும் சொல்லிட்டு, காதப் பொத்திக்கிட்டேனாம்.

– ஹா... ஹா... ஆமாடி! அந்த டீச்சரு என்னையக் கூப்புட்டு விட்டு, ஒங்க புள்ளைக்குக் காதுல எதுவும் கொறையான்னு கேட்டுச்சு... ஹ்ம்... ஹ்... ஹ்...

– மெதுவாக்கா. தண்ணி குடி. அந்தப் பாட்டில எடு.

– ஒன்னுமில்ல... தூசி. கண்ணாடிய ஏத்து.

– ஏத்தித்தான் இருக்கு.

– ...ஏசி காத்து ஒத்துக்கல போல.

– அமத்திடுறேன்.

– வேணாம், வேர்க்கும். சீல கசங்கிரும். என்ன சொல்லிக்கிட்டு இருந்தோம்?

– நூறு.

– ம். ஒனக்கு ஞாபகம் இருக்கா, ஒன்னைய குவாரியில என்ன பேரு சொல்லிக் கூப்புடுவாகன்னு?

– வெள்ளக்காரி.

– வெள்ளக்காரி! சாயங்காலம் ஆனா மூஞ்சி, மயிரு, கண்ணு எமையெல்லாம் வெள்ளையாப் போயிரும். ஊரணியில ஒன்னைய முக்கி எடுத்தாத்தான் எந்தங்கச்சின்னு தெரியும். போன வாரம் அந்த சுவீடன் பய ஒருத்தன், நெட்டையா இருப்பானே... நெசமான வெள்ளக்காரன்... அவன் பள்ளத்துக்குள்ள எறங்கி ஏறி வந்தப்ப, வெயிலுபட்டு செவ செவன்னு நிக்கிறான். எனக்கு ஒன் நெனப்பு வந்துருச்சு. ஒரே சிரிப்பு. ஏன் சிரிக்கிறீகன்னு கேக்குறான், நான் என்னத்தச் சொல்ல?

– அவன் ஒன்னயப் பத்தித்தான் ரிப்போர்ட்டே எழுதியிருக்கான் தெரியுமா?

– என்னையப் பத்தியா? என்னத்த எழுதுனான்?

– பெரிய கம்மாய்க்குத் தண்ணி வர்ற வாய்க்கா எங்க இருந்துச்சுன்னு மேப்புல தேடி அலஞ்சாங்கள்ல. சேட்டிலைட்டு படத்துலயே இல்ல. நீ கூட்டிட்டுப் போயி அந்தக் கழிவுக் கல்லு மேட்டு மேல நின்னு, இதுக்கு அடியிலன்னு சொன்னியே.

– பின்ன? அந்த வாய்க்காலுலதான நான் சீல தொவச்சேன். அது மேல லாரி லாரியாக் கல்லக் கொட்டுனதப் பாத்தவ நானு. படம் எடுத்தவனா பாத்தான்?

– அதத்தான் எழுதியிருக்கான். அளவெடுக்குறதுக்கு முந்தி அந்த ஊருல வேல செஞ்ச ஒரு பொம்பளையக் கேளுங்கன்னு. சுவீடன்ல இருக்க அவங்க மேடம் அந்த ஒரு வரிய வாசிச்சுட்டு, அடுத்த வருசத்துல இருந்து மூணு காலேஜுலயும் மொத நாளு பாடமே அதுதான்னு சொல்லிட்டாங்க.

– அட... அப்ப நான் வாத்தியாரா?

– வாத்தியாருதான்.

– நாலாப்போட நின்னவ வாத்தியாரு. ஆத்தா இருந்தா நம்பாது.

– ஆத்தா ஒன்னய நிப்பாட்டுனப்ப நீ அழுதியாக்கா?

– அழுகல. எனக்கு அப்பப் பள்ளிக்கூடமே புடிக்காது. குவாரியில கூட்டம், பாட்டு, ஆளாளுக்குக் கேலி... அங்கதான் புடிச்சுச்சு. பெறகு, நீ பொறந்து நாலு வருசம் கழிச்சு, வெடி மருந்து வந்த அட்டப்பெட்டிய வச்சு வெளையாண்டுக்கிட்டு இருந்த. அதுல இருந்த எழுத்த ஒன்னொன்னாத் தொட்டு, இது என்னக்கான்னு கேட்ட. எனக்குத் தெரியல. அன்னைக்கு அழுதேன்.

– ...டேஞ்சர்.

– ம்?

– அந்தப் பெட்டியில இருந்தது. டேஞ்சர். நீ சூப்பர்வைசர் கிட்டக் கேட்டுட்டு வந்து எனக்குச் சொன்ன. என்னோட மொத இங்கிலீசு வார்த்த அதுதான்.

– நல்ல வார்த்தையாத்தான் சொல்லிக் குடுத்துருக்கேன் போ! கல்லே வேணாம், இந்தக் குவாரிப் பக்கமே தல வச்சுப் படுக்கக் கூடாதுன்னு ஒன்னையப் படிக்க வச்சா... நீ அந்தக் கல்லயே படிச்சுட்டு வந்து நிக்கிற.

– வேற எதப் படிக்கச் சொல்லுற? எனக்குத் தெரிஞ்சது அது ஒன்னுதான்.

– ஒனக்குக் கோவமா எம்மேல?

– எதுக்குக்கா கோவம்?

– புள்ளைய அந்தத் தூசியில வளத்தேன்னு.

– கிறுக்கி மாதிரிப் பேசாத. கீரனூரு வந்துருச்சு, டீ குடிக்கிறியா?

– வேணாம். விசேசத்துல குடுப்பாகள்ல.

– ...ம்.

– அந்த முலெங்கா புள்ளைக்கு நம்ம டீ ரொம்பப் புடிச்சுப் போச்சு. மூணு நாளு எங்க வீட்டுலதான் இருந்துச்சு, தெரியுமா? தெரியும், நீதான அனுப்பி வச்ச. ஒரு நாளு என்ன பண்ணுச்சு தெரியுமா... வாசல்ல கெடந்த என் பழைய சுத்தியல எடுத்துச்சு. கல்ல ஒரு கையில புடிச்சுச்சு. டப்பு டப்புன்னு ஒடைக்குது! நம்ம மாதிரியே, கல்லு செதறாம, வெரலுக்கு எடையில வச்சு. எனக்கு வாயடச்சுப் போச்சு.

– எப்புடியாம்?

– அவுக அம்மா ரோட்டோரத்துல ஒக்காந்து ஜல்லி ஒடைக்கிதாம். இன்னைக்கும். போன்ல படம் காட்டுச்சு. அதுவும் தலையில துணியக் கட்டிக்கிட்டு, கால நீட்டி ஒக்காந்து... நம்ம ஆத்தா மாதிரியே ஒக்காந்துருக்குடி. அந்தக் காலு மேல கெடக்குற கெழிஞ்ச சாக்குகூட அதேதான். எந்தேசமோ, எந்தப் பாசையோ.

– ரெண்டு பேரும் எந்தப் பாசையில பேசிக்கிட்டீங்க?

– அது பேசுறத அது பேசும். நான் பேசுறத நான் பேசுவேன். புரிஞ்சுக்கிட்டோம். ஆங்... ஒன்னு கேளு. ஜல்லி அரைக்கிற கிரஷர்ல வாராவாரம் நமக்கு வெல்லம் குடுப்பாகள்ல?

– தூசிய அடிச்சுட்டுப் போயிரும்னு.

– ஆமா. நீ தூங்குற நேரமாப் பாத்து ஒன் பங்கையும் நான் தின்னுருக்கேன்.

– தெரியும். நான் தூங்குற மாதிரி படுத்துக்கெடப்பேன்.

– அடிப்பாவி! இத்தன வருசமா சொல்லவே இல்ல?

– நீ ஆசையாத் தின்ன. விட்டுட்டேன். சரி, வெல்லத்துக்கு என்ன?

– அந்தப் புள்ள ஊருல வெல்லம் கெடையாதாம். சுரங்கத்துல வேல பாக்குறவுகளுக்குப் பாலு குடுப்பாகளாம். அவுக அப்பா பித்தள... இல்ல, செம்பு எடுக்குற சுரங்கத்துல இருந்தாராம். தெனம் ஒரு டம்ளரு பாலு. குடிச்சா நெஞ்சு சுத்தமாயிருமாம். நான் வெல்லத்தக் காட்டுறேன், அது பாலக் காட்டுது... ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டு சிரிச்சோம். சிரிச்சுட்டு, அப்பறம் சும்மா ஒக்காந்துருந்தோம்.

– ஏன்?

– அவுக அப்பா இப்ப இல்லயாம். மாத்தூரு தாண்டிட்டமா?

– இப்பத்தான். அந்தா ஏர்ப்போர்ட்டு சுவரு தெரியுது பாரு.

– ஆமா. போன வெள்ளிக்கெழம இங்கதான அதுகள ஏத்தி விட்டோம். முலெங்கா என்னையக் கட்டிக்கிட்டு விடவே மாட்டேனுருச்சு. நீகூட அன்னைக்கு அழுத. எனக்கே அதிசயமா இருந்துச்சு. மாணவங்க போறதுக்கெல்லாம் அழுகுறவ இல்லையே நீ.

– ம்.

– ஏ ஷர்லி.

– என்னக்கா?

– காலேஜுக்கு இப்புடித் திரும்பணும்ல? அன்னைக்குத் தொறப்பு விழாவுக்கு வந்தப்ப இங்கிட்டுத்தான திரும்புனோம். தாண்டிப் போறடி.

– அக்கா... ஒரு நிமிசம். வண்டிய ஓரமா நிப்பாட்டிக்கிறேன்.

– என்னாச்சு, டயரு எதுவும்...

– டயரு இல்ல. சர்டிபிகேட்டு விசேசம் இன்னைக்கு இல்லக்கா. அது அடுத்த மாசம். நான் பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரியில டைம் வாங்கியிருக்கேன். நெஞ்சு டாக்டர். ஆஸ்பத்திரின்னு சொன்னா நீ வரமாட்ட. எனக்கு வேற வழி தெரியல.

– எனக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன். பங்குனி மாசம் ஒங்க காலேஜு ஆளுகளே ஊருக்கு வந்து கேம்பு போட்டு எல்லாருக்கும் படம் எடுத்தாகள்ல. ஒனக்கும் சொன்னேன்ல, ஒன்னுமில்லன்னு.

– சொன்ன. நானும் நம்புனேன்.

– பெறகு?

– ரெண்டாவது வாரம், செவ்வாக்கிழமை, தூசி நோயப் பத்தின பாடம். நாந்தான் எடுத்தேன். முன்னாடி முப்பது பேரு. தெரையில சுவீடன்லயும் ஜாம்பியாவுலயும் இருக்க மத்த பசங்க வேற பாத்துக்கிட்டு இருக்காங்க. கேம்புல எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே ஆறு படம். பேரு, ஊரு எதுவும் கெடையாது. நம்பரு மட்டும். சம்மதம் குடுத்தவங்களோட படம் மட்டுந்தான் பாடத்துக்கு வரும். ஒன்னொன்னாப் போட்டேன். நாலாவது படத்தப் போட்டேன்...

– போட்ட.

– எடது பக்கம் காற எலும்பு. ஒடஞ்சு, கோணலா ஒட்டியிருக்கு. ஒனக்கு அப்ப பத்தொம்பது வயசு, லாரிப் பலகையில இருந்து கூடையோட விழுந்தியே. நாட்டு வைத்தியரு கட்டுக் கட்டி, அது கோணலாவே சேந்துருச்சு. அந்தத் தோளுலதான நான் அஞ்சு வயசு வரைக்கும் தூங்குனேன். அந்த மேடு என் கன்னத்துக்குத் தெரியும்க்கா. கண்ணால பாக்க வேணாம் எனக்கு. நெஞ்சு பூராவும் கல்லுப் பொடி அள்ளித் தெளிச்ச மாதிரி வெள்ளப் புள்ளி. வகுப்பு நடந்துக்கிட்டு இருக்கு. நான் என்ன பண்ண? இந்தப் படத்துல என்ன தெரியுது, யாராவது சொல்லுங்கன்னேன். அந்த நெட்டப் பய எந்திரிச்சு, நோயி எத்தன வருசம் ஆயிருக்கும்னு கணக்குச் சொன்னான். சரியாச் சொன்னான். கரெக்ட்னு சொன்னேன். அப்பறம் முலெங்கா கையத் தூக்குச்சு.

– அது என்ன சொல்லுச்சு?

– இவங்களால மாடிப்படி ஏற முடியாது மேடம். ஆனா முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க. நடுவுல நின்னு எதையாவது வேடிக்க பாக்குற மாதிரி நிப்பாங்க. எங்கப்பா அப்புடித்தான் நின்னாருன்னு. தொறப்பு விழா அன்னைக்கு நீ ரெண்டாவது மாடிக்கு வந்தப்ப, மொத மாடி நோட்டீஸ் போர்டு முன்னாடி அஞ்சு நிமிசம் நின்னக்கா. ஒனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது.

– அழாத. ஏ... வண்டியெல்லாம் போவுது, பாக்குறாகடி.

– ஆத்தாளுக்கு டிபின்னு சொன்னாங்கள்ல... வருசக்கணக்கா மாத்திர குடுத்தாங்கள்ல... அது டிபி இல்லக்கா. நான் இதுக்குத்தான் படிச்சேன். சம்பளம் வாங்கிக்கிட்டு இதத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்குறேன். இத்தன நாளும் பக்கத்துல ஒக்காந்து ஒன் இருமலக் கேட்டேன். தூசின்னு சொன்ன, சரின்னுட்டேன்.

– ஒம்மேல என்னடி தப்பு...

– இத முழுசா மாத்த முடியாது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதுக்கு மேல கூடாமப் பாத்துக்கலாம். மூச்சுப் பயிற்சி இருக்கு, மருந்து இருக்கு. மாசாமாசம் நான் கூட்டிட்டு வாறேன். திருச்சியிலயே எங்கூட இருந்துரு. வரமாட்டேன்னு மட்டும் சொல்லாதக்கா.

– வாறேன்.

– ...நெசமாவா?

– வாறேன்னு சொல்லுறேன்ல. பத்தரைக்குன்ன, மணி பத்தாகுது. மொகத்தத் தொட. இந்தா, முந்தானையில தொட.

– பட்டுச் சீலக்கா.

– இருக்கட்டும், தொட. டாக்டரு கிட்டக் காட்ட அந்தப் பங்குனி மாசச் சீட்டும் வேணும்ல. இந்தா, பையில இருக்கு.

– ...எத எடுக்குற? இது கேம்பு ரிப்போர்ட்டு. இதுல டாக்டர் எழுதியிருக்காரு... ஒடனே பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும்னு செவப்பு மையில கோடு போட்டுருக்காரு. ஒனக்கு அப்பவே தெரியுமா?

– வாசிச்சுச் சொன்னாரு. நல்ல டாக்டரு. பக்கத்துல ஒக்கார வச்சுப் பொறுமையாச் சொன்னாரு.

– இன்னைக்கு ஏன் இதப் பையில வச்சு எடுத்துட்டு வந்த?

– சனிக்கெழம என்னடி காலேஜு?

– அப்பத் தெரிஞ்சேதான் வண்டியில ஏறுனியா... ஏன்க்கா, ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? நாலு மாசமாச்சு! எங்கிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்லுவ நீ?

– வாயால சொல்ல வரலடி. மூணு தடவ பஸ்ஸேறி ஒங்க வீடு வரைக்கும் வந்தேன். நீ சிரிச்சுக்கிட்டே கதவத் தொறப்ப. முருங்கக்கீரையக் குடுத்துட்டுத் திரும்பிருவேன். பெறகுதான் அந்தக் கேம்பு நர்சம்மா ஊருக்கு வந்துச்சு, பாடத்துக்கு ஒங்க படத்தக் குடுப்பீகளான்னு. மத்த பொம்பளையெல்லாம் வேணாம்னுட்டாளுக. நான், பாடம் யாரு நடத்துவாகன்னு கேட்டேன். ஷர்லி மேடம்னுச்சு. எந்தங்கச்சி பாத்தாக் கண்டுபிடிச்சுருவான்னு, பேனாவ வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.